5.1 ஹோம் தியேட்டரை அறைக்கேற்ப அளந்து அமைக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் பல வீடுகளில் படம் ஓடி முடியும் வரை ரிமோட் யாராவது ஒருவர் கையிலேயே இருக்கிறது. வசனம் வரும்போது ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. சண்டைக் காட்சி தொடங்கியதும் அவசரமாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கரின் தரம் அன்று. அந்த ஸ்பீக்கர்கள் அந்த அறைக்கும், நாம் அமரும் இடத்துக்கும் ஏற்ப அளந்து அமைக்கப்படவில்லை என்பதே காரணம்.

ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவியான ரிசீவருடன் வரும் மைக்கைச் செருகித் திரையில் காட்டும் பொத்தானை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தானியங்கி அளவீடு உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் அது நடுவில் வரும் ஒரு படி மட்டுமே. அதற்கு முன் இருக்கையும் ஸ்பீக்கர்களும் சரியான இடத்துக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பின் ரிசீவர் தானாக எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தவறானவற்றை நாமே மாற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், விலை உயர்ந்த ரிசீவர்கூட மோசமான இடத்தில் வைத்த ஸ்பீக்கரைச் சமாளிப்பதிலேயே தன் திறன் முழுவதையும் செலவிடும்.

கணக்குகள் தெளிவாக இருப்பதற்காக ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஹால், சிமென்ட் பூசிய சுவர்கள், டைல்ஸ் தரை, 12 அடிச் சுவரில் டிவி. அதில் முன் இரண்டு ஸ்பீக்கர்கள், ஒரு சென்டர், பக்கத்தில் இரண்டு சரவுண்ட், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபர் என 5.1 அமைப்பு இருக்கிறது. 7.1 அல்லது மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுவேதான். ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை மட்டுமே கூடும்.

முதலில் இருக்கை

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஸ்பீக்கரின் இடம் அன்று. காது இருக்கப்போகும் இடம். தாழ்ந்த அதிர்வெண் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பும்போது, அறையின் சில இடங்களில் அலைகள் ஒன்று சேர்ந்து பெருகுகின்றன. வேறு சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த நிலை அலைகள் எந்த அதிர்வெண்ணில் உருவாகும் என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். 14 அடி என்பது சுமார் 4.27 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். அந்த வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வருகிறது. அகலத்துக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 47 ஹெர்ட்ஸ் வரும்.

40 ஹெர்ட்ஸ் அலை, அறை நீளத்தின் சரி பாதியில், அதாவது 7 அடியில், ஏறத்தாழக் காணாமல் போகும். அதன் இரு மடங்கான 80 ஹெர்ட்ஸ் அலை, முன் சுவரிலிருந்து 3.5 அடியிலும் 10.5 அடியிலும் மறையும். சோபாவைப் பின் சுவரோடு ஒட்டிப் போட்டாலோ இவை எல்லாமே பெருகி, ஒலி முழுவதும் கும்மென்று கேட்கும். எனவே இந்த ஹாலில் காது முன் சுவரிலிருந்து சுமார் 9.5 அடியில் இருக்கும்படி சோபாவைப் போடுவது நல்லது. பின்னால் 4.5 அடி இடம் விடுவது வீணாகத் தோன்றலாம்; ஆனால் சோபாவை 1 அடி நகர்த்துவதால் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியில் வரும் மாற்றத்தை வேறு எந்தச் செலவும் தராது. ஹாலின் வேறு தேவைகள் அதற்கு இடம் தரவில்லை என்றால், பின் சுவரிலிருந்து 2 அடியாவது விலக்கிப் போடுங்கள்.

சோபாவின் முதுகுச் சாய்வு காதின் உயரத்தைத் தாண்டி இருக்கக் கூடாது. உயரமான சாய்வு சரவுண்ட் ஒலியை மறைப்பதோடு, மைக் அளவீட்டையும் குழப்பும்.

முன் மூன்று ஸ்பீக்கர்கள், பக்கத்து இரண்டு

இடது, வலது ஸ்பீக்கர்களின் முகப்பு சுவரிலிருந்து 1.5 அடி முன்னால் இருந்தால், காதிலிருந்து அந்தக் கோட்டுக்கு 8 அடி தூரம் இருக்கும். இரண்டுக்கும் இடையில் 8 அடி விட்டால், நடுக் கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 டிகிரி கோணத்தில் அமையும். டால்பி பரிந்துரைப்பது 22 முதல் 30 டிகிரி வரை என்பதால் இது பொருத்தமான அளவே. அத்துடன் பக்கச் சுவருக்கு 2 அடி இடைவெளியும் கிடைக்கிறது. உயர்ந்த ஒலியைத் தரும் சிறிய பகுதியான ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். சோபாவில் அமர்ந்தவருக்கு அது தரையிலிருந்து 3 முதல் 3.5 அடிக்குள் வரும். இரண்டு ஸ்பீக்கர்களையும் இருக்கையை நோக்கிச் சற்றே திருப்பி வையுங்கள்.

வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அப்படியிருக்க, டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளி வைக்கப்படுவதும் அதே ஸ்பீக்கர்தான். தட்டின் மேற்பலகையிலும் கீழ்ப்பலகையிலும் பட்டுத் திரும்பும் ஒலி, பேச்சைப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்கிவிடும். அதன் முகப்பு தட்டின் விளிம்போடு ஒட்டியோ சற்று வெளியே நீட்டியோ இருக்கட்டும். டிவிக்குக் கீழே இருந்தால், முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு ரப்பர் துண்டுகளை வைத்து, அது முழங்காலை நோக்காமல் முகத்தை நோக்கும்படி சாயுங்கள். வசனம் தெளிவாகக் கேட்கவில்லை என்ற குறையில் கணிசமான பங்கு இந்த ஒரே மாற்றத்தில் தீர்ந்துவிடும்.

5.1 அமைப்பில் சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்குரிய கோணம் 110 டிகிரியை ஒட்டியது. நம் ஹாலில் அது, பக்கச் சுவர்களில் காதுக்கு நேரான கோட்டிலிருந்து சுமார் 2 அடி பின்னால் வரும். காதைவிட 1 முதல் 2 அடி உயரத்தில் பொருத்தினால், பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் தலை ஒலியை மறைக்காது. மேற்கூரை ஸ்பீக்கர்களும் உள்ள அட்மாஸ் அமைப்பாக இருந்தால் மட்டும், மேல் ஒலிக்கும் பக்க ஒலிக்கும் வேறுபாடு தெரிவதற்காகச் சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காதின் உயரத்துக்கே இறக்குங்கள். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்த வழியுமாக இருக்கும் வீடுகளில், திறந்த பக்கத்துக்கு ஸ்டாண்டு பயன்படுத்தலாம். இரு பக்கமும் தூரம் சமமாக இல்லாவிட்டாலும் ரிசீவர் அதைச் சரி செய்யும். கோணம் தவறினால் எந்த ரிசீவராலும் சரி செய்ய முடியாது.

சப்வூஃபருக்கு இடம் தேடுதல்

இந்த வேலையில் மிகுந்த பலன் தருவதும், பலர் முற்றிலும் விட்டுவிடுவதும் இதுவே. மூலையில் வைத்தால் சப்வூஃபர் உரக்கக் கேட்கும். ஏனெனில் அங்கிருந்து அது அறையின் எல்லா நிலை அலைகளையும் தூண்டுகிறது. அதே காரணத்தால் ஒலி சீராகவும் இருக்காது. நம் ஹாலில் 47 ஹெர்ட்ஸ் அலை அகலத்தின் நடுவில் மறைவதால், மூலையில் சப்வூஃபர் இருந்தால் சோபாவின் நடுவில் இருப்பவருக்கு அந்த ஒலி குறைந்தும், ஓரங்களில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகவும் கேட்கும். முன் சுவரின் நடுவில் வைத்தால் அந்த அலை தூண்டப்படுவதே இல்லை. மூவருக்கும் ஏறத்தாழ ஒரே ஒலி கிடைக்கும். டிவி ஸ்டாண்டு அங்கே நிற்கும் என்பதால், அதன் ஓரத்தை ஒட்டி, நடுவுக்கு இயன்ற அளவு அருகில் வைத்துப் பாருங்கள்.

கணக்கு ஒரு தொடக்கத்தை மட்டுமே தரும். கதவு, ஜன்னல், திறந்த பக்கம் எல்லாம் சேர்ந்து உண்மையான அறையை மாற்றிவிடுவதால், காதால் தேடும் முறையையும் செய்து பார்க்க வேண்டும். சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் அமரும் இடத்திலேயே வையுங்கள். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சப்வூஃபர் வைக்கக் கூடிய இடங்கள் ஒவ்வொன்றிலும் மண்டியிட்டுத் தலையைத் தரைக்கு அருகே கொண்டுசென்று கேளுங்கள். ஓரிடத்தில் ஒலி திடீரெனப் பெருகும். இன்னோரிடத்தில் நடுவே அறுந்து போகும். தொடக்கம் முதல் முடிவு வரை எங்கே ஓரளவு சமமாக ஏறி வருகிறதோ அதுவே சப்வூஃபரின் இடம். ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் இடையில் உள்ள அறையின் விளைவு மாறாது என்பதால் இந்த முறை நம்பத்தக்கது.

இரண்டாவது சப்வூஃபர் வாங்கும் எண்ணம் இருந்தால், ஒரே மாதிரியான இரண்டை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது சிறந்த அமைப்புகளில் ஒன்று. ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்ட்டி செய்த ஆய்வுகள், இத்தகைய அமைப்பு இருக்கைக்கு இருக்கை வரும் பாஸ் வேறுபாட்டைக் குறைப்பதைக் காட்டின. ஒரு பெரிய சப்வூஃபரைவிட, இடம் பார்த்து வைத்த இரண்டு நடுத்தரமானவையே ஒரு குடும்பம் சேர்ந்து படம் பார்க்கும் ஹாலுக்கு ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து.

வயரும் சிக்னலும்

ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சிவப்பு முனை சிவப்புக்கும் கறுப்பு முனை கறுப்புக்கும் சென்றிருக்க வேண்டும். ஒன்று மாறினால் எதிலும் பிடிமானம் இல்லாத, மிதப்பது போன்ற ஒலி வரும். சுவருக்குள் மறைந்து செல்லும் வயரில் சந்தேகம் இருந்தால், அதை ரிசீவரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் நேர் முனையைச் சிவப்பு வயரிலும் எதிர் முனையை மற்றதிலும் ஒரு நொடி தொடுங்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இணைப்பு சரியாக இருந்தால் கோன் வெளிப்பக்கம் தள்ளும். உள்ளே இழுத்தால் எங்கோ மாறியிருக்கிறது.

டிவியின் செயலிகளிலிருந்து ஒலி வருமானால், டிவியின் ஒலி அமைப்பில் ஒலியை மாற்றாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ என்பதைத் தேர்ந்தெடுத்து, டிவி தன் பங்குக்குச் சேர்க்கும் ஒலி மாற்றங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். படத்தின் தமிழ் ஒலித்தடத்தில் ஸ்டீரியோ, 5.1 என இரண்டு இருந்தால் எதைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். ரிசீவரின் முகப்பில் என்ன வகை ஒலி வருகிறது என்பது எழுத்தில் தெரியும். அதைப் படிக்கும் பழக்கம் தேவை.

எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குச் செல்லும் என்பதைப் பிரிக்கும் எல்லையே கிராஸ்ஓவர். சப்வூஃபரின் பின்புறம் உள்ள கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்சத்தில் வையுங்கள், அல்லது எல்எஃப்இ (படத்தில் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனித் தடம்) என்று எழுதிய உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். ஒலியைப் பிரிக்கும் வேலையை ரிசீவர் மட்டும் செய்ய வேண்டும். ரிசீவர், சப்வூஃபர் இரண்டும் செய்தால் இடையில் ஒரு பள்ளம் விழும். ஒலி அளவுக் குமிழ் பாதியில் இருக்கட்டும்.

அறையை அடக்குதல்

ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில், தட்டிய ஓசைக்குப் பின் விர்ரென்று ஓர் அதிர்வு தொடரும். வசனத்தின் மெய்யெழுத்துகளை மழுக்குவது அதுதான். முன் ஸ்பீக்கர்களுக்கும் சோபாவுக்கும் நடுவே தரையில் தடித்த கம்பளம் விரியுங்கள். ஜமுக்காளம் அழகாக இருக்கும். ஆனால் அது மெல்லியதாக இருப்பதால் மிக உயர்ந்த ஒலியை மட்டுமே சிறிதளவு உறிஞ்சும். ஜன்னலுக்குக் கனமான, மடிப்பு நிறைந்த திரைச்சீலை போடுங்கள். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே செல்ல, நீங்கள் சோபாவில் அமர்ந்து பாருங்கள். எந்த இடத்தில் முன் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கேதான் முதல் எதிரொலி பிறக்கிறது. அந்த இடத்தில் ஒரு புத்தக அலமாரி இருந்தாலே போதும், வேறுபாடு தெரியும். எதிரொலி என்பது காலத்தில் நீளும் சிக்கல். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ரிசீவரின் ஈக்வலைசரால் அதைத் துடைக்க முடியாது.

மைக் வைத்து அளத்தல்

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, ஆந்தமில் ஏஆர்சி, ஆங்கியோ போன்ற சிலவற்றில் டைராக் லைவ் எனப் பெயர்கள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை ஒலியை எழுப்பி, அது மைக்கை வந்தடையும் நேரம், அளவு, அதிர்வெண் வாரியான ஏற்ற இறக்கம் ஆகியவற்றை இவை அளக்கின்றன.

தெரு அடங்கியிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சோதனை ஒலி உரக்க இருக்கும் என்பதால், அண்டை வீட்டாரை எண்ணினால் பின்னிரவைவிட பிற்பகல் 2 முதல் 4 மணி வரை நல்லது. மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். ஹாலிலேயே ஃபிரிட்ஜ் இருந்தால் அரை மணி நேரம் அணைத்து வையுங்கள். கம்ப்ரஸரின் ரீங்காரம் துல்லியமாகப் பாஸ் பகுதியில் விழும்.

மைக்கைக் கையில் பிடிக்கவோ சோபாவின் சாய்வில் வைக்கவோ கூடாது. கேமரா டிரைபாடில் பொருத்தி, காதின் உயரத்தில், முனை கூரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். முதல் அளவீடு முக்கிய இருக்கையில், தலை இருக்கும் இடத்தின் நடுவில் நடக்க வேண்டும். ஆடிஸியில் தூரமும் ஒலி அளவும் அந்த முதல் இடத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அடுத்தடுத்த இடங்களை முதல் இடத்தைச் சுற்றி 1 முதல் 2 அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: சற்று இடம், சற்று வலம், சற்று முன்னால். ரிசீவர் 8 இடங்களை அனுமதித்தால் எட்டையும் அளந்துவிடுங்கள். ஹாலின் கோடியில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியையும் சேர்த்து அளந்தால் எல்லா இருக்கைகளுக்கும் நன்றாக இருக்கும் என்று தோன்றும். நடைமுறையில் முக்கிய இருக்கையின் தரம் குறையும்.

இடையில் ஏதேனும் ஒரு ஸ்பீக்கரின் முனை மாறியிருக்கிறது என்ற எச்சரிக்கை வரலாம். வயரைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லலாம். ஸ்பீக்கரின் உள்ளமைப்பும் அருகிலுள்ள சுவர் எதிரொலியும்கூட அப்படிக் காட்டக் கூடும்.

ரிசீவர் எடுத்த முடிவுகளைச் சோதித்தல்

அளவீடு முடிந்ததும் ஸ்பீக்கர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஸ்பீக்கரின் அளவு. முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் பல வேளைகளில் 'லார்ஜ்' என்று குறித்துவிடும். பெட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எல்லாவற்றையும் 'ஸ்மால்' என்று மாற்றுங்கள். இது ஸ்பீக்கரைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாது; தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்ற கட்டளை மட்டுமே. தேடிக் கண்டுபிடித்த நல்ல இடத்தில் இருக்கும் சப்வூஃபர்தானே அந்த வேலைக்கு உரியது?

இரண்டாவது, கிராஸ்ஓவர். திரையரங்க ஒலித் தரத்துக்குச் சான்று தரும் டிஹெச்எக்ஸ் நெடுங்காலமாகப் பரிந்துரைப்பது 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுகொள்வதில்லை. ரிசீவர் 40 அல்லது 60 என்று வைத்திருந்தால் 80-க்கு உயர்த்தலாம். சிறிய சரவுண்ட் ஸ்பீக்கருக்கு 100 அல்லது 120 என்று வைத்திருந்தால் அதைக் குறைக்கக் கூடாது; அந்த ஸ்பீக்கரால் அதற்குக் கீழே ஒலிக்க முடியாது என்பதை மைக் அளந்தே சொல்லியிருக்கிறது. எல்எஃப்இ தடத்துக்கான வரம்பை 120 ஹெர்ட்ஸிலேயே விடுங்கள். சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் ஒரே பாஸை ஒலிக்கும் 'எல்எஃப்இ + மெயின்' முறையைத் தவிருங்கள்.

மூன்றாவது, தூரம். ட்வீட்டரிலிருந்து காது வரை டேப் பிடித்து அளந்து ஒப்பிடுங்கள். முன், பக்க ஸ்பீக்கர்களில் சில அங்குல வேறுபாடு பொருட்டல்ல. ஒலி 1 அடி கடக்க 1 மில்லி வினாடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. ஆனால் சப்வூஃபருக்கு 9 அடிக்குப் பதில் 13 அடி என்று காட்டினால் திருத்திவிடாதீர்கள். சப்வூஃபரின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று ஒலியைத் தாமதப்படுத்துகிறது. ரிசீவர் அந்தத் தாமதத்தையும் சேர்த்துத் தூரமாகக் காட்டுகிறது. அங்கே டேப்பைவிட மைக் சொல்வதே சரி.

நான்காவது, ஒலி அளவு. சப்வூஃபருக்கு −12 என்ற எல்லை மதிப்பு வந்திருந்தால், ரிசீவர் அதற்குமேல் குறைக்க முடியாமல் நின்றுவிட்டது என்று பொருள். சப்வூஃபரின் பின்புறக் குமிழைக் குறைத்து அளவீட்டை மீண்டும் ஓட்டுங்கள். +12 வந்திருந்தால் குமிழைக் கூட்டுங்கள்.

ஒலி அளவைக் கையால் சரிபார்த்தல்

திரையரங்கில் ஒவ்வொரு முதன்மை ஸ்பீக்கரும், குறிப்பிட்ட சோதனை ஒலிக்கு இருக்கையில் 85 டெசிபல் தரும்படி அமைக்கப்படுகிறது. பெரும்பாலான ரிசீவர்களின் உள் சோதனை ஒலி அதைவிட 10 டெசிபல் தாழ்ந்தது. ஆகவே வீட்டில் இலக்கு 75. ஒலி அளவு 0 என்ற குறியில் இப்படி அமைந்தால், முதன்மை ஸ்பீக்கர்களின் உச்சம் 105 டெசிபலாகவும் எல்எஃப்இ உச்சம் 115 டெசிபலாகவும் இருக்கும் என்பது திரைத்துறையின் வரையறை.

ஒலி அளவுமானியை சி வெயிட்டிங், ஸ்லோ என்ற நிலைகளில் வைத்து, சோபாவில் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி, ரிசீவரின் சோதனை ஒலியை ஸ்பீக்கர் ஸ்பீக்கராக ஓட்டுங்கள். ஐந்து ஸ்பீக்கர்களும் ஒன்றுக்கொன்று 1 டெசிபலுக்குள் இருந்தால் தொட வேண்டாம். மானி இல்லாதவர்கள் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தலாம். அது காட்டும் எண் சரியாக இருக்காது, ஆனால் ஐந்தும் சமமா என்று ஒப்பிட உதவும். கைப்பேசி மைக்குகள் தாழ்ந்த ஒலியை நம்பகமாக அளக்காததால், சப்வூஃபருக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சப்வூஃபரும் சென்டரும் சேருமிடம்

80 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டும் ஒரே ஒலியைத் தருகின்றன. அங்கே அவை ஒன்றுக்கொன்று எதிராக அசைந்தால், ஆண் குரலின் அடிப்பகுதியும் மிருதங்கத் தொப்பியின் கனமும் மறைந்துபோகும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 14 அடி. ஆகவே தூர மதிப்பில் 7 அடி தவறினாலே இரண்டும் முழுமையாக எதிரெதிராகிவிடும்.

இதைக் காதால் பார்ப்பதற்கு 80 ஹெர்ட்ஸ் தொடர் ஒலியைச் சென்டரில் ஓடவிட்டு, சப்வூஃபரின் அசைவுத் திசையை மாற்றும் ஃபேஸ் பொத்தானை 0, 180 என ஒருவரை மாற்றச் சொல்லி இருக்கையில் அமர்ந்து கேளுங்கள். உரக்கக் கேட்கும் நிலையே சரியானது. இன்னும் நுணுக்கமாகச் செய்ய விரும்புவோர் மினிடிஎஸ்பியின் யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்கையும், ஜான் மல்கஹி உருவாக்கி இலவசமாகத் தரும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளையும் பயன்படுத்தலாம். மைக்குக்குரிய திருத்தக் கோப்பை முதலில் ஏற்றுங்கள். பிறகு சென்டரும் சப்வூஃபரும் சேர்ந்து ஒலிக்க, 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை (ஸ்வீப்) ஓட்டி ஓர் அளவீடு எடுங்கள். வரைபடத்தில் 80-ஐ ஒட்டிப் பள்ளம் தெரிந்தால், ரிசீவரில் சப்வூஃபரின் தூரத்தை 1 அடி மாற்றி மீண்டும் எடுங்கள். பள்ளம் மெல்ல நிரம்பி, ஒரு கட்டத்தில் கோடு நேராவதைத் திரையில் பார்க்கலாம். அதைத் தாண்டினால் மீண்டும் பள்ளம் விழத் தொடங்கும். நேரான இடத்தில் நிறுத்துங்கள். இந்தச் சிறு வேலைக்குப் பிறகு பாஸ் ஒலி சப்வூஃபரிலிருந்து வராமல் திரையிலிருந்தே வருவதுபோல் கேட்கும்.

அதே வரைபடத்தில் வேறு மேடு பள்ளங்களும் தெரியும். மேடுகளை ஈக்வலைசரால் வெட்டலாம். அறையே அழிக்கும் ஆழமான பள்ளத்தை நிரப்ப முயலக் கூடாது. நேர் ஒலியைக் கூட்டும் அதே அளவுக்கு எதிரொலியும் கூடி அதை மறுபடி அழித்துவிடும். 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு மின்திறன் தர வேண்டும் என்பதால் ஸ்பீக்கருக்கும் ஆபத்து. பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம் மட்டுமே. ரிசீவரின் செயலி அனுமதித்தால் தானியங்கித் திருத்தத்தைச் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் செயல்பட விடுவதையும் முயன்று பாருங்கள். அதற்குமேல் நல்ல ஸ்பீக்கரின் இயல்பான குரலே மேலானது என்று நான் கருதுகிறேன்.

அன்றாட ஒலி அளவுக்கேற்ற அமைப்பு

வீட்டில் யாரும் 0 குறியில் படம் பார்ப்பதில்லை. −20-ஐ ஒட்டியே பலரும் கேட்கிறார்கள். ஒலி குறையும்போது காது பாஸ் ஒலியை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். ஆடிஸியின் டைனமிக் ஈக்யூ இந்த இழப்பை ஈடு செய்வதற்காக உள்ளது. அந்த ஈடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் குறைக்கும் எண்ணே ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்; படங்களுக்கு அதை 0 அல்லது 5-இல் வையுங்கள். டிவி நிகழ்ச்சிகளும் திரைப்பாடல்களும் உரத்த அளவிலேயே பதிவாகி வருவதால், அவற்றுக்கு 10 அல்லது 15 பொருந்தும். டைனமிக் ஈக்யூ வேண்டாம் என்பவர்கள் சப்வூஃபரை 3 முதல் 5 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம்.

குழந்தைகள் உறங்கும் நேரத்தில் மட்டும், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இரவு முறையையோ டைனமிக் வால்யூமையோ பயன்படுத்துங்கள். மற்ற நேரங்களில் அது காட்சியின் உயிரைச் சமப்படுத்திவிடும். வசனத்துக்கென்று சென்டரை 1 முதல் 2 டெசிபல் கூட்டுவதில் தவறில்லை. அதற்குமேல் தேவைப்பட்டால், சென்டரின் சாய்வையும் தரைக் கம்பளத்தையும் மீண்டும் பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும்.

கேட்டுப் பார்த்தல்

ஸ்டீரியோ முறையில், ஒற்றைக் குரல் முன்னிற்கும் பாடல் ஒன்றை முன் ஸ்பீக்கர்களில் மட்டும் ஓட்டுங்கள். குரல் டிவியின் சரி நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரு ஸ்பீக்கர்களின் தூரத்தையும் அளவையும் பாருங்கள். பிறகு 5.1 தடத்தில் மழையோ கூட்டமோ வரும் காட்சியைக் கேளுங்கள். சரவுண்ட் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று கைகாட்ட முடிந்தால் அது உரக்க இருக்கிறது. 1 டெசிபல் குறையுங்கள்.

கடைசியாக, 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஸ்வீப்பை, நீங்கள் படம் பார்க்கும் ஒலி அளவில் ஓட்டுங்கள். ஓரிடத்தில் ஷோகேஸ் கண்ணாடி கிணுகிணுக்கும். இன்னோரிடத்தில் இரும்பு பீரோவின் கதவு படபடக்கும். சில வீடுகளில் சமையலறை அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள்கூடச் சேர்ந்து ஒலிக்கும். ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, அதிர்வு நிற்கிறதா என்று பார்த்து, ஃபெல்ட் துண்டோ ரப்பரோ வைத்து அடக்குங்கள். சப்வூஃபர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்லப்படும் பல சிக்கல்கள் இந்தக் கண்ணாடியும் பீரோவும் செய்பவைதான்.

எல்லாம் முடிந்ததும், தூரம், அளவு, கிராஸ்ஓவர் மதிப்புகள் உள்ள திரைகளையும் சப்வூஃபரின் பின்புறக் குமிழ்களையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். ரிசீவரில் அமைப்பைச் சேமிக்கும் வசதி இருந்தால் சேமித்துவிடுங்கள். ரிசீவர் ரீசெட் ஆனால் மதிப்புகள் எல்லாம் அழிந்துபோகலாம். சோபாவையோ சப்வூஃபரையோ நகர்த்தினாலும், புதிய ஸ்பீக்கர் சேர்த்தாலும், கனமான திரைச்சீலையை மாற்றினாலும் மைக் அளவீட்டை முதலிலிருந்து மீண்டும் எடுங்கள்.